வடசென்னையின் கஞ்சித் தொட்டிகள்

ராயபுரத்தை ஒட்டியிருக்கும் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு ஊரார் வைத்த பெயர் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி. பழைய தலைமுறையினர் பேச்சில் இந்தப் பெயர்தான் முந்திக்கொள்ளும். 1782இல் பஞ்சத்தில் அடிபட்டு வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய ஒரு சத்திரத்திலிருந்து வளர்ந்தது அந்த மருத்துவமனை. அங்கிருந்து கடற்கரையோரமாக வடக்கே போனால் காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எர்ணாவூர், எண்ணூர். கொசஸ்தலை ஆற்றைத் தாண்டினால் அத்திப்பட்டு, வள்ளூர், மீஞ்சூர். எண்ணூர் வரை மாநகராட்சி. அதற்கு அப்பால் பொன்னேரி வட்டத்து ஊர்கள். உப்பளம், துறைமுகம், ஆலை, அனல் மின் நிலையம் என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்த இந்த நிலத்துண்டில், ஒருவருக்கொருவர் கைகொடுக்கும் வழக்கத்துக்கு ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட எழுத்துச் சான்று இருக்கிறது. அந்த வழக்கங்களில் பெரும்பாலானவை சோற்றையும் கஞ்சியையும் சுற்றியே அமைந்தவை.

மிகப் பழைய சான்றுகள் திருவொற்றியூர் ஆதிபுரீசுவரர் கோயில் சுவர்களில் உள்ளன. பல்லவர் காலத்தின் கடைசிப் பகுதியில் தொடங்கி ராஷ்டிரகூடர், சோழர் காலம் வரை நீளும் கல்வெட்டுகள் இவை. இவற்றில் அடிக்கடி வருவது விளக்குக் கொடை. ஒரு நந்தாவிளக்கு எரிய வேண்டுமென்றால் 90 அல்லது 96 ஆடுகள் கொடுக்க வேண்டும். ஆடுகளைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். மந்தை குறையாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். கல்வெட்டுகள் இந்த ஆடுகளைச் சாவா மூவாப் பேராடு என்கின்றன. செத்த ஆட்டுக்குப் பதில் பிறந்த குட்டி எண்ணிக்கையில் சேர்ந்துவிடுவதால், கணக்கில் ஆடு சாவதும் இல்லை, கிழடாவதும் இல்லை. பொன்னாகக் கொடுத்தால் பக்கத்து ஊர்ச் சபை அதை வாங்கி வைத்துக்கொண்டு ஆண்டுதோறும் வட்டி செலுத்தும். முதல் அப்படியே நிற்க, வட்டியில் மட்டும் அறம் நடக்கும்.

இந்தக் கோயிலின் மடத்துக்குத் தலைவராக இருந்த சதுரானன பண்டிதரின் கொடை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கேரளத்தில் பிறந்த இவர் சோழ இளவரசன் ராசாதித்தனின் தோழர். 949இல் தக்கோலப் போரில் இளவரசன் இறந்தபோது இவர் உடனில்லை. அந்தத் துயரத்தில் துறவு பூண்டு, கங்கையில் நீராடித் திரும்பி, திருவொற்றியூரில் தங்கிவிட்டார். ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் காலத்தில், 959ஐ ஒட்டி, நரசிங்கமங்கலத்துச் சபையிடம் 100 நிஷ்கம் பொன்னை ஒப்படைத்து, அதன் வட்டியில் அவிட்ட நாள்தோறும் சிறப்பு வழிபாடு நடக்க ஏற்பாடு செய்தார். 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதே கோயிலில் வியாகரணம் சொல்லிக்கொடுக்க ஒரு மண்டபமும், அதை நடத்த இறையிலி நிலமும் ஏற்பட்டன. கொடுத்தவர் பெயரும் அரசன் பெயரும் கல்லில் பெரிதாக இருக்கின்றன. ஆனால் கொடை நின்று நிலைத்தது நெய் அளந்த இடையராலும் வட்டி கட்டிய சபையாலும்தான். அந்த வகையில் கல்வெட்டுகள் பெருந்தனக்காரரின் புகழ்ப் பட்டியலாக மட்டும் இல்லாமல், சாதாரண மக்கள் சுமந்த பொறுப்பின் பதிவேடாகவும் இருக்கின்றன.

வள்ளூர் உள்ளிட்ட பொன்னேரிப் பக்கத்து ஊர்களில் இதற்கு ஈடான ஏற்பாடு களத்துமேட்டில் நடந்தது. 1763இல் ஆர்க்காட்டு நவாப் செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். பொன்னேரிப் பகுதியும் அதில் அடக்கம். அந்தச் சீமையின் ஏறக்குறைய 2,000 ஊர்களை 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் அளந்து கணக்கெடுத்தார். நெல் அடித்துக் குவித்ததும், அரசுக்கும் உழவனுக்கும் பங்கு பிரிக்கும் முன்பே பொலியிலிருந்து யார் யாருக்கு எவ்வளவு எடுத்து வைக்க வேண்டும் என்பது ஊருக்கு ஊர் அதில் பதிவாகியிருக்கிறது. கோயில், ஏரி பராமரிப்பு, நீர் பாய்ச்சுபவர், தச்சர், கொல்லர், குயவர், வண்ணார், நாவிதர், மருத்துவர், வாத்தியார், சத்திரம், தண்ணீர்ப் பந்தல், பண்டாரம், பக்கீர் என்று நீளும் பட்டியல் அது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஆய்வாளர் தரம்பாலும் அவரைத் தொடர்ந்து வந்தவர்களும் இந்தக் கணக்குகளைத் தேடி எடுத்து ஆராய்ந்தார்கள். விளைச்சலில் கால் பங்குக்கு மேல் இப்படிப் பொதுக் காரியங்களுக்கு ஒதுங்கியது என்பது அவர்கள் கண்ட முடிவு.

இதை ஈகை என்பதா, கூலி என்பதா என்பது வாதத்துக்குரிய கேள்வி. கொல்லருக்கும் குயவருக்கும் கிடைத்தது அவர்கள் வேலைக்கான ஊதியம். வழிப்போக்கனுக்கும் பண்டாரத்துக்கும் கிடைத்தது வேறு. இரண்டையும் ஒரே குவியலிலிருந்து, ஒரே மரக்காலால், ஒரே நாளில் அளந்தார்கள். சாதியின் மேல்கீழ் அந்த அளவிலும் இருந்தது; யாருக்கு முதலில், யாருக்குக் கடைசியில், யாருக்குக் களத்தின் ஓரத்தில் என்பது முன்பே தீர்மானமாகி இருந்தது. களத்துமேட்டுப் பங்கைப் பொற்காலமாகச் சித்திரிப்பவர்கள் இந்த ஓரத்தைப் பார்க்கத் தவறிவிடுகிறார்கள்.

ஏரிக்கரையில் குடிமராமத்து இருந்தது. மழைக்கு முன் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்து வாய்க்கால் தூர் வாருவது, கரைக்கு மண் அணைப்பது, மதகை அடைப்பது என்பது வழக்கம். வருவாய் முழுவதும் கம்பெனிக் கஜானாவுக்குத் திரும்பியதும் களத்துப் பங்குகள் வற்றின. பங்கு வற்றியதும் மராமத்தும் தளர்ந்தது. 1858இல் சென்னை அரசு கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்து, வராதவர்களிடம் வேலைக்கு ஈடான பணம் வசூலிக்கலாம் என்றது. ஊர் தானாகச் செய்துவந்ததைச் சட்டம் போட்டு வாங்க முயன்ற இந்த ஏற்பாடு பெரிய பலன் தரவில்லை. 2017இல் தமிழக அரசு குடிமராமத்து என்ற பெயரையே எடுத்து ஏரிகளைத் தூர் வாரும் திட்டம் தொடங்கியது. பெயர் பழையது, வேலை பெரும்பாலும் பொக்லைன் எந்திரத்துடையது.

கடலோரத்தில் களத்தின் இடத்தைக் கரை பிடித்துக்கொண்டது. மீனவக் குப்பங்களில் பிடித்த மீனைப் படகுக்காரர், வலைக்காரர், தொழிலாளி எனப் பங்கு பிரிப்பார்கள். ஊர்ப் பஞ்சாயத்துக்கென்று ஒரு வரியும் உண்டு. கோயில் திருவிழா, கடலில் காணாமல் போனவரைத் தேடப் போகும் படகுக்கு எண்ணெய், ஆண் துணை இழந்த வீட்டுக்கு உதவி, சாவுச் செலவு எல்லாம் அந்த வரியிலிருந்துதான். வலை உதறும்போது வந்து நிற்கும் கிழவிக்குக் குழம்புக்கு ஒரு கை மீன் போடுவது எந்தக் கணக்கிலும் வராது. கடலில் படகு கவிழ்ந்தால் தன் வலையை அறுத்துவிட்டுக்கூடக் காப்பாற்றப் போக வேண்டும் என்பது எழுதாத விதி. நாளைக்குத் தனக்கும் அதே நிலை வரலாம் என்பது ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்கும் தொழிலில் இந்த விதியை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

துறைமுகம் கட்டப்படும் முன் சென்னையில் கப்பல்கள் கரையிலிருந்து விலகி நங்கூரம் போடும். ஆட்களையும் சரக்கையும் அலை தாண்டிக் கொண்டுவந்தவர்கள் மசூலாப் படகோட்டிகள். அவர்களில் கிறிஸ்தவர்களாக இருந்தவர்கள் ராயபுரத்தில் குடியேறி, படகுக் கூலியிலிருந்து ஒதுக்கிச் சேர்த்த பணத்தில் 1820களில் புனித ராயப்பர் ஆலயத்தைக் கட்டினார்கள். வணிகர்கள் மகமை என்று சரக்குக்கு இவ்வளவு என ஒதுக்கிப் பொதுநிதி சேர்ப்பார்களே, அதே முறை அன்றாடக் கூலிக்காரர்களிடமும் இருந்தது என்பதற்கு அந்த ஆலயமே சாட்சி.

கஞ்சித் தொட்டியின் கதை இதற்கு முன்பே தொடங்குகிறது. 1780 ஜூலையில் மைசூரின் ஹைதர் அலியின் படை ஆர்க்காட்டு நவாபின் கர்நாடகச் சீமைக்குள் இறங்கியது. கம்பெனிப் படைக்குத் தீனி கிடைக்காமலிருக்க ஊர்கள் கொளுத்தப்பட்டன, ஆடுமாடுகள் ஓட்டிச் செல்லப்பட்டன. விதைநெல்லும் மிஞ்சாத குடியானவர்கள் சென்னைக் கோட்டையை நோக்கி வந்தார்கள். கடல்வழி வரவேண்டிய அரிசியைப் பிரெஞ்சுக் கப்பல்கள் மறித்தன. 1782 இறுதியில் அடித்த புயலில் அரிசிக் கப்பல்களும் மூழ்கின. பட்டணத்துத் தெருக்களில் பிணம் விழுந்தது. அந்த 1782இல் வடக்கு மதிலுக்கு வெளியே ஒரு தோட்டத்தில் கஞ்சி ஊற்றத் தொடங்கியவர் ஊர் மணியக்காரர் ஒருவர் என்பது வழிவழியாக வரும் செய்தி. அவர் பெயர் நிலைக்கவில்லை. பதவி மட்டும் நிலைத்தது. ஆங்கிலப் பதிவுகளில் அந்த இடம் மணிகார் சவுல்ட்ரி. கஞ்சி வாங்க வந்தவர்களில் நடக்க முடியாதவர்கள் அங்கேயே கிடந்தார்கள். கிடந்தவர்களுக்கு மருந்தும் வேண்டியிருந்தது. சத்திரம் மருத்துவமனையாக மாறியதற்கு இதைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை.

1799இல் ஜான் அண்டர்வுட் என்ற கம்பெனி மருத்துவர் அப்பகுதியில் இந்தியர்களுக்கென்று ஒரு நோயாளர் விடுதியை நிறுவினார். பத்து ஆண்டுகளுக்குள் சத்திரமும் விடுதியும் ஒரே நிர்வாகத்தின்கீழ் வந்தன. பிறகு வேங்கடகிரி ராஜாவின் பெயரில் மற்றொரு சத்திரமும் பக்கத்தில் சேர்ந்தது. கம்பெனி மானியம், செல்வர்களின் அறக்கட்டளை, அபராதப் பணம் என்று பல வாய்க்கால் நீர் ஒரு குளத்தில் விழுந்தது போல நிதி வந்தது. ஆதரவற்றவர்கள் தங்கவும் உண்ணவும் சத்திரம் தனியே தொடர்ந்து நடந்தது.

அடுத்த பெரிய சோதனை தாது வருஷப் பஞ்சம். 1876இல் இரண்டு பருவமழையும் பொய்த்தன. ஆண்டு முடியும் முன்பே செங்கல்பட்டு, நெல்லூர், வட ஆர்க்காடு மாவட்டங்களிலிருந்து கூட்டம் கூட்டமாக மக்கள் சென்னைக்கு வந்தார்கள். கடற்கரையில் பர்மாவிலிருந்தும் வங்கத்திலிருந்தும் வந்திறங்கிய அரிசி மூட்டைகள் மலைபோலக் கிடந்தன. மூட்டையிலிருந்து சிந்திய அரிசியைப் பெண்களும் பிள்ளைகளும் பொறுக்கினார்கள். அரசு முகாம் திறக்கும் முன்பே பட்டணத்துச் செல்வர்கள் பலர் தத்தம் வீட்டு வாசலிலும் தோட்டத்திலும் நாள்தோறும் நூற்றுக்கணக்கானவர்களுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ‘மெட்ராஸ் டைம்ஸ்’ ஆசிரியராக இருந்த வில்லியம் டிக்பி 1878இல் வெளியிட்ட இரண்டு பாக வரலாற்றில் இந்தத் தனியார் தொட்டிகளைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். பிறகு போலீசார் கூட்டத்தை அரசு முகாம்களுக்குத் திருப்பிவிட்டார்கள். மணியக்காரர் சத்திரம் அவற்றில் ஒன்று.

முகாமில் ஊற்றிய கஞ்சியின் அளவே பெரிய சண்டையானது. வைஸ்ராய் லிட்டனின் பிரதிநிதியாக 1877 ஜனவரியில் வந்த சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியத்துக்குரிய காசும் மேற்கொண்டு ஓரளவு சில்லறையும் போதும் என்று விதித்தார். ஒரு பவுண்டு என்றால் அரைக்கிலோவுக்கும் குறைவு. மண் வெட்டிச் சுமக்கும் உடம்புக்கு அது பற்றாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டபிள்யூ. ஆர். கார்னிஷ் வாதாடினார். எலும்பும் தோலுமாக முகாமில் வந்து விழுந்தவர்களை எடை போட்டும் அளந்தும் அவர் அடுக்கிய சான்றுகளுக்குப் பின், அந்த ஆண்டு மே மாதத்தில் அளவு உயர்த்தப்பட்டது. உதவி எவ்வளவு என்பதைக் கொடுப்பவன் வசதியைப் பார்க்காமல் வாங்குபவன் உடம்பைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும் என்ற வாதம் அரசு ஆவணங்களில் அதுவரை இவ்வளவு உரக்க எழுந்ததில்லை. ஆகஸ்டில் லண்டனில் மேன்ஷன் ஹவுஸ் நிதி தொடங்கியது. அதன் பணம் கஞ்சிக்காக அல்லாமல், விதை, மாடு, கூரை, துணி வாங்கிக்கொண்டு ஊர் திரும்ப உதவியது.

அந்தப் பஞ்சம் சென்னை நிலத்தில் நிலையான தடம் ஒன்றையும் விட்டது. சென்னையிலிருந்து எண்ணூர் வரை 1800களின் தொடக்கத்திலேயே வெட்டப்பட்டு, பிறகு வடக்கே நீண்ட கால்வாயைக் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையில் சுமார் 8 கிலோமீட்டர் இணைத்தது பஞ்சத்தில் வந்தவர்களின் உழைப்பு. ஆளுநராக இருந்த பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் கால்வாய்க்கு வைக்கப்பட்டது. விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் அதில் நெடுங்காலம் அத்திப்பட்டு, எண்ணூர் வழியாகப் போய்வந்தன.

19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் செல்வர்களின் கொடை கஞ்சியிலிருந்து கட்டடத்துக்கு நகர்ந்தது. வணிகரான ராஜா சர் சவலை ராமசாமி முதலியார் ராயபுரத்தில் ஏற்படுத்திய பிரசவ மருத்துவமனை இன்றும் ஆர்.எஸ்.ஆர்.எம். என்ற சுருக்கப் பெயரில் நடக்கிறது. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரில் வழிப்போக்கர்களுக்குச் சத்திரம் கட்டியவரும் இவரே. ராயபுரத்துப் பார்சிகள் எண்ணிக்கையில் மிகக் குறைவு. பார்சியான பிரோஜ் கிளப்வாலா 1906இல் இறந்த தம் மகன் ஜாலின் நினைவாகக் கட்டிய தீக்கோயில் 1910இல் அங்கே எழுந்தது. அதே கிளப்வாலா குடும்பத்தில் மருமகளாக வந்த மேரி கிளப்வாலா ஜாதவ், கில்டு ஆஃப் சர்வீஸ் அமைப்பின் வழியாக அனாதைப் பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் பணிசெய்து, 1952இல் சென்னைச் சமூகப்பணிக் கல்லூரியை நிறுவினார். தொண்டு செய்யப் பயிற்சியும் வேண்டும் என்ற எண்ணம் இந்த நகரத்தில் வேரூன்றியது அந்தக் கல்லூரியோடு.

மணியக்காரர் சத்திரத்து மருத்துவமனையை அரசு ஏற்று ராயபுரம் மருத்துவமனை ஆக்கியது. 1929 முதல் 1934 வரை ஆளுநராக இருந்த ஜார்ஜ் ஸ்டான்லியின் பெயர் அங்கிருந்த மருத்துவப் பள்ளிக்கு வந்தது. 1938 ஜூலை 2 அன்று அது கல்லூரியானது. ஒரு தொட்டிக் கஞ்சி மருத்துவக் கல்லூரியாக வளர ஒன்றரை நூற்றாண்டு பிடித்தது.

இதே வட்டாரத்துக்காரர் ஒருவர் பள்ளிப் பிள்ளைகளின் சாப்பாட்டுக்கும் தொடக்கம் கொடுத்தார். பழைய வண்ணாரப்பேட்டையில் நெசவாலை நடத்திய பிட்டி தியாகராய செட்டியார் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, 1920இல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மிகாத செலவு. பசியால் பள்ளிக்கு வராத ஏழைப் பிள்ளைகளை வரவைப்பதே நோக்கம். வேறு சில பள்ளிகளுக்கும் பரவி, 1925இல் பணம் அனுமதிக்கப்படாமல் நின்று, பிறகு மீண்டும் வந்தது. 1956இல் முதலமைச்சர் காமராசர் மாநிலம் தழுவிய மதிய உணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தபோது, அது முழுக்க அரசுச் செலவில் நடந்ததாக இன்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் செலவில் பத்தில் நான்கு பங்கை ஊரார் கொடுக்க வேண்டியிருந்தது. பிடியரிசி அதற்குக் கை கொடுத்தது. உலையில் போட அளந்த அரிசியிலிருந்து பெண்கள் தினமும் ஒரு பிடியைத் தனிப் பானையில் போட்டு வைப்பார்கள். வாரத்துக்கு ஒருமுறை பள்ளியிலிருந்து வந்து வாங்கிப் போவார்கள். ரசீது கிடையாது, பெயர்ப் பலகை கிடையாது. கூலி வேலைக்குப் போகும் வீட்டிலும் ஒரு பிடி குறைந்தால் தெரியாது. நூறு வீட்டுப் பிடி சேர்ந்தால் ஒரு பள்ளிக்கு உலை வைக்கலாம்.

1958இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு தொடங்கியது. பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு அதற்குப் பின்னிருந்தார். ஊர் கூடிப் பள்ளிக்கு என்ன குறை என்று பட்டியல் போட, கடிகாரம், மணி, பெஞ்சு, தண்ணீர்ப் பானை, ஓடு, சுண்ணாம்பு என்று ஆளுக்கொன்றாக ஏற்றுக்கொண்டார்கள். மாநாட்டு நாளில் பொருள்களை ஊர்வலமாக எடுத்து வந்தார்கள். பொன்னேரி வட்டமும் அன்று இதே மாவட்டத்தில்தான் இருந்தது.

ஆலைகள் பெருகிய பிறகு கஞ்சித் தொட்டிக்கு மற்றொரு முகமும் வந்தது. 1918 ஏப்ரலில் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. பஜனைக்கும் பிரசங்கத்துக்கும் கூடிய இடத்தில், சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்ற பேச்சு எழுந்ததே அதற்குத் தொடக்கம். 1921இல் பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீண்டது. வேலைநிறுத்தக் காலத்தில் தொழிலாளர் குடும்பங்களுக்குப் பொதுவில் கஞ்சி காய்ச்சுவது தொழிற்சங்கங்களின் பழக்கமானது. பின்னாளில் நெசவாளர்களும் விவசாயிகளும் தெருவில் கஞ்சித் தொட்டி திறப்பதையே போராட்டமாக நடத்தினார்கள். பசித்தவருக்கு ஊற்றுவதோடு, பசி இருப்பதை ஆட்சியாளருக்கு அறிவிக்கவும் தொட்டி பயன்பட்டது.

வடசென்னையில் பொதுவில் கஞ்சி ஊற்றும் பழக்கம் இன்றும் மிகப் பரவலாக இருப்பது ஆடி மாதத்தில். அம்மன் கோயில் இல்லாத தெரு அரிது. கூழ் ஊற்றாத அம்மன் கோயில் அதைவிட அரிது. கேழ்வரகு மாவைக் கரைத்து முதல் நாளே புளிக்க வைத்து, நொய் வேகவைத்து, அதில் மாவை விட்டுக் கிளறிக் களியாக்கி, ஆறியபின் தயிரோ மோரோ விட்டுக் கரைத்தால் கூழ். தொட்டுக்கொள்ள வெங்காயம், பச்சை மிளகாய், மாங்காய், முருங்கைக்கீரை. குப்பங்களில் கருவாட்டுக் குழம்பு. ஆடி பிறக்கும் முன்பே தெருப் பையன்கள் ரசீதுப் புத்தகத்தோடு வீடு வீடாக வருவார்கள். மளிகைக் கடைக்காரர் கேழ்வரகு தருவார், வெல்டிங் பட்டறைக்காரர் பந்தலுக்குக் குழாய் தருவார், லாரி வைத்திருப்பவர் தண்ணீர் கொண்டுவந்து இறக்குவார். ஒன்றும் தர முடியாத வீட்டுப் பெண்கள் விடியற்காலையில் வந்து அண்டாவைக் கிளறுவார்கள். உச்சிவேளையில் தூக்கு, சொம்பு, குண்டான், பிளாஸ்டிக் குடம் என்று கையில் கிடைத்ததோடு வரிசை நிற்கும். காசு கொடுத்தவரும் அதே வரிசையில் நிற்பார்.

அம்மை, வாந்திபேதி வராமல் காக்க அம்மனைக் குளிர வைப்பதற்காகவே கூழ் என்பது பொதுவான நம்பிக்கை. உழவுக் கணக்கில் பார்த்தால் ஆடி விதைக்கும் மாதம். பழைய நெல் தீர்ந்து புதிய நெல் வராத இடைவெளி. அந்த இடைவெளியில் ஊர் சேர்ந்து மலிவான தானியத்தைக் காய்ச்சிப் பகிர்ந்துகொள்வது வழிபாட்டு வடிவத்தில் வந்த பஞ்சக் காப்பு என்று கொள்ளவும் இடமிருக்கிறது. நகரத்துக்கு இடம்பெயர்ந்தவர்களோடு வழக்கமும் இடம்பெயர்ந்தது. இன்று வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் பசியால் நிற்பதில்லை. ஒலிபெருக்கிச் சத்தமும், கொடையாளர் படம் போட்ட பதாகையும், வசூலில் அவ்வப்போது எழும் சண்டையும் இந்த வழக்கத்தோடு ஒட்டிக்கொண்டவைதான். நோன்பு மாதத்தில் பள்ளிவாசல் கஞ்சி இதற்கு இணையானது. மாலையில் தூக்குச் சட்டியோடு வரும் பிள்ளைகளிடம் எந்த மதம் என்று கேட்பதில்லை. கோடையில் கட்சிக் கொடியின் கீழும் ரசிகர் மன்றப் பலகையின் கீழும் நீர்மோர்ப் பந்தல்கள் முளைக்கும். அவற்றில் பல ஒரு வாரத்துக்குப் பிறகு வெறும் பானையாக நிற்கும்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை எண்ணூர், எர்ணாவூர்க் குப்பங்களைத் தாக்கியபோதும், 2015 டிசம்பர் வெள்ளத்திலும் உதவியின் முதல் சில மணி நேரம் அக்கம்பக்கத்தாருடையதாகவே இருந்தது. 2015இல் காசிமேடு உள்ளிட்ட மீனவப் பகுதிகளிலிருந்து ஃபைபர் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போய், முன்பின் தெரியாத தெருக்களில் மாடியில் சிக்கியவர்களை மீனவர்கள் மீட்டார்கள். கடலில் கவிழ்ந்த படகுக்குப் போகும் பழைய விதி அன்று நகரத்துத் தெருவுக்கும் பொருந்தியது. 2020 ஊரடங்கில் அனல் மின் நிலையம், துறைமுகம் சார்ந்த வேலைகளுக்கு வடமாநிலங்களிலிருந்து வந்து எண்ணூர், மீஞ்சூர்ப் பக்கம் தங்கியிருந்த தொழிலாளர்கள் கூலியும் ரயிலும் இல்லாமல் மாட்டிக்கொண்டார்கள். உள்ளூர் இளைஞர்களும் தொண்டமைப்புகளும் அரசும் அரிசி, பருப்பு, பொட்டலச் சாப்பாடு கொடுத்தார்கள். மொழி தெரியாதவருக்குச் சோறு போடுவது இந்தப் பட்டணத்துக்கு 1876லேயே பழகிய காரியம்.

தொழிற்சாலைகள் பெருகியதும் வேறு வகை ஆபத்தும் வந்தது. 2017 ஜனவரி 28 விடியற்காலையில் காமராசர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. கசிந்த எரிஎண்ணெய் எர்ணாவூர்ப் பாறைகளில் தார்க்கூழாக ஒதுங்கியது. எந்திரங்கள் அந்தக் கெட்டிச் சேற்றை உறிஞ்ச முடியாமல் திணறின. கடலோரக் காவல் படையினரோடு மீனவர்களும் கல்லூரி மாணவர்களும் வரிசையாக நின்று வாளி வாளியாகக் கைமாற்றி அள்ளினார்கள். முதல் நாள்களில் பலரிடம் கையுறைகூட இல்லை. அள்ளியவர்களைப் பாராட்டிய செய்திகள் நிறைய வந்தன. நச்சு எண்ணெயை வெறுங்கையால் அள்ள விட்டது சரியா என்று கேட்டவை குறைவு. தொண்டு செய்ய வருகிறவரின் ஆர்வம், அவரைக் காக்க வேண்டிய பொறுப்பிலிருந்து யாரையும் விடுவிப்பதில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து, பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை முகத்துவாரத்தில் பரவியது. சதுப்பு மரங்களின் வேரும் படகுகளும் வலைகளும் கறுத்தன. இம்முறையும் மீனவர்களே படகிலிருந்து குவளையாலும் வாளியாலும் அள்ளினார்கள்; பின்னர் அவர்களைக் கூலிக்கு அமர்த்தித் துப்புரவு நடந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வழக்கைத் தானாக எடுத்துக்கொண்டது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் எண்ணூர்ப் பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மூச்சுத் திணறி எழுந்தவர்கள் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினார்கள். கிழவர்களையும் பிள்ளைகளையும் ஆட்டோவிலும் பைக்கிலும் ஏற்றி ஊருக்கு வெளியே கொண்டுபோனவர்கள் அந்தத் தெருக்காரர்களே. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் ஸ்டான்லிக்கு வந்தார்கள். வடக்கே ஆற்றுக்கு அப்பால், 1,500 மெகாவாட் அனல் மின் நிலையம் நிற்கும் வள்ளூரைச் சுற்றிய ஊர்களில் இன்று கழிமுகத்தில் கலக்கும் மின் நிலையச் சாம்பலைப் பற்றிப் புகார் எழுதவும், தண்ணீர் மாதிரி எடுத்துக் கொடுக்கவும், விசாரணைக்கு வரும் குழுவுக்குப் படகில் இடம் காட்டவும் முன்வருபவர்களும் அந்தந்த ஊர் மீனவர்கள்தான். ஒரு நாள் போனால் அன்றைய மீன்பாடு போச்சு. அந்த நட்டத்தை யாரும் ஈடு செய்வதில்லை.